குருதியின் சாட்சியும் மலைமேல் வாழ்வாரும்

மாந்தர் உடம்பினுள்ளே நிகழ்வதனைப் புறத்தே நின்று அறிந்து கூறுதல் மருத்துவக் கலையின் தலையாய தொழிலாகும். நம் நாட்டுச் சித்த மருத்துவர் மணிக்கட்டின்மேல் மூன்று விரல்களை வைத்து, வாதம், பித்தம், ஐயம் என்னும் மூன்றன் நடையையும் நாடியிற் கண்டனர். 1816-ஆம் ஆண்டில் லென்னக் என்னும் பிரெஞ்சு மருத்துவர் காகிதத்தைக் குழல்போற் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துச் செவிகொடுத்தார். இக்காலத்திலோ, முழங்கை மடிப்பினின்று எடுத்த சிறிதளவு குருதியே இதயத்தின் நிலையை எடுத்துரைக்கும் சாட்சியாக வந்து நிற்கின்றது. இச்சாட்சியின் வாய்மொழியை எவ்விடத்தில் நம்பலாம், எவ்விடத்தில் நம்பலாகாது என்பது பற்றி யாம் ஈண்டுச் சில கூற விரும்புகின்றோம்.

தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் நுமக்கு இதயநோய் ஆராய்ச்சி எற்றுக்கு என நேயர் சிலர் வினவக்கூடும். வினா தக்கதே. எனினும், யாம் எடுத்துக்கொண்ட இப்பொருளில் நேரக்கூடிய பிழை ஒரு சொல்லின் பொருளை மயங்கக் கொள்வதனால் நேர்வது. 'முன்னறிந்து கூறுதல்' என்பதே அச்சொல். இரு பொருள் படும் ஒரு சொல்லை ஒரு பொருட்டாகக் கொண்டு உரை எழுதியவனை எம் ஆசிரியர் எளிதில் விடுவதில்லை. அவ்வாறாயின், அதே மயக்கத்தால் ஓர் ஏழையின் உயிருக்கு ஏதம் வருமாயின் அதனைக் குறித்துப் பேசுதல் எமக்கும் உரியதே அன்றோ?

முதற்கண் நோயினைக் கூறுவோம். இதயத் தளர்ச்சி என்று யாம் குறிப்பதனைச் செய்தித்தாள்கள் 'இதயச் செயலிழப்பு' என்று எழுதுகின்றன. அதனைப் படித்த எளியோர் இதயம் நின்றே போயிற்றுப் போலும் என்று அஞ்சுகின்றனர். இதயம் நிற்கவில்லை; குருதியை உந்தும் வலிமையிற் குறைந்துளது. நடந்தால் மூச்சிரைக்கும், படுத்தால் மூச்சு முட்டும், கால் வீங்கும், வீக்கத்தை விரலால் அழுத்தினாற் குழி விழும். மருந்துகளால் இந்நோயாளர் பலர் நன்கு வாழ்கின்றனர். மருந்தளவில் நில்லாத சிலர்க்கு வேறொரு துணை உண்டு. அதுவே யாம் கூறப்புகும் கருவி.

இதயத்தின் இடக் கீழறையே உடம்பு முழுவதற்கும் குருதியைச் செலுத்துவது. அது சுருங்குவதற்குரிய மின்னாணை, வலக்கிளை இடக்கிளை என்னும் இரு வழிகளிற் பாயும். தளர்ந்த இதயம் உடையாருட் சிலர்க்கு இடக்கிளை தடைப்பட்டு, ஆணை சுற்றுவழியாகக் காலந்தாழ்ந்து சேர்கின்றது. அதனால் கீழறையின் ஒரு சுவர் சுருங்குங்கால் எதிர்ச்சுவர் வாளா இருக்கும். எதிர்ச்சுவர் சுருங்கத் தொடங்குங்கால் முன்னது ஓய்ந்துவிடும். இறைகூடையின் இருபுறமும் கயிறு பிடித்து நீர் இறைப்போரை நேயர் கண்டிருப்பர். இருவர் கையும் ஒருங்கு வீசினாலன்றி நீர் வாய்க்காலிற் சேராது; ஒருவர் முந்தி ஒருவர் பிந்தினால், உழைப்பு முழுதும் இருக்க, நீர் மட்டும் கீழே சிந்தும். இடக்கிளை தடைப்பட்ட இதயத்தின் நிலையும் அதுவே. காறையெலும்பின் கீழே தோலினுள் வைக்கப்பெறும் ஒரு சிறு கருவி, கம்பிகள் வாயிலாக வலக் கீழறையையும் இடக் கீழறையின் புறச்சுவரையும் ஒருங்கே தூண்டி, இவ்விரு சுவர்களையும் மீட்டும் ஒத்தியங்கச் செய்கின்றது. மக்கள் வழக்கில் இதுவும் பேஸ்மேக்கரே. சாதாரணப் பேஸ்மேக்கருக்கு ஒன்றோ இரண்டோ கம்பி இருக்க, இதற்குப் பெரும்பாலும் மூன்று கம்பிகள் உண்டு. யாம் இதனை ஒத்தியக்கக் கருவி என்போம்.

இக்கருவி 2001-இல் அமெரிக்க நாட்டில் ஒப்புதல் பெற்றது. ஐரோப்பாவில் நிகழ்ந்து 2005-இல் வெளிவந்த கேர்-எச்.எஃப். என்னும் ஆராய்ச்சியில் 813 நோயாளர் சேர்க்கப்பட்டனர். மருந்து மட்டும் பெற்றோருள் நூற்றுக்கு 30 பேரும், மருந்தோடு கருவியும் பெற்றோருள் நூற்றுக்கு 20 பேரும், சராசரி இரண்டரை ஆண்டுக்குச் சற்றுக் குறைந்த காலத்தில் இறந்தனர். நூற்றுவரில் பதின்மரின் உயிர் சிறு பொருளன்று.

ஆயினும் இதில் ஓர் இடர்ப்பாடு உளது. கருவி வைக்கப்பெற்ற மூவருள் ஏறத்தாழ ஒருவர்க்கு எதிர்பார்த்த பயன் தோன்றுவதில்லை என்று மருத்துவர் பலகாலும் எழுதி வருகின்றனர். விலையோ இலட்சக் கணக்கினது. கம்பி இடம்பெயர்தலும், வைத்த இடத்தில் கிருமி பற்றுதலும் உண்டு. பேட்டரி தீர்ந்தால் கருவியை மாற்ற வேண்டும். ஆகலின், எவர்க்குப் பயன்படும், எவர்க்குப் பயன்படாது என்பதைக் கருவி வைப்பதற்கு முன்னரே அறிய விரும்புதல் இயல்பே. அவ்விருப்பத்திலிருந்தே குருதியை வினவும் எண்ணம் பிறந்தது.

குருதியில் எதனைத் தேடுகின்றனர் என்பதையும் நேயர் அறிதல் வேண்டும். 1981-இல் கனடா நாட்டில் டி போல்ட் என்பவர், எலியின் இதய மேலறையினின்று எடுத்த சாற்றை வேறோர் எலிக்குச் செலுத்த, அது மிகுதியான உப்பையும் நீரையும் சிறுநீராகக் கழித்ததனைக் கண்டார். இதயம் உந்துகருவி மட்டுமன்று, சுரப்பியும் ஆகும் என்பது அன்று தெளிவாயிற்று. 1988-இல் சப்பானிய அறிஞர் இவ்வினத்தைச் சேர்ந்த மற்றொரு பொருளைப் பன்றியின் மூளையிற் கண்டெடுத்தனர். அதனால் 'மூளை' என்னும் அடைமொழி அதன் பெயரில் ஒட்டிக்கொண்டது. பின்னர் ஆராய்ந்தபோது அதனை மிகுதியாகச் சுரப்பது இதயக் கீழறையே என்று வெளிப்பட்டது. பெயர் மட்டும் மாறவில்லை. நன்னூலார் இதனைக் காரணப்பெயர் என்பாரோ, இடுகுறிப்பெயர் என்பாரோ! பி.என்.பி. என்னும் சுருக்கப் பெயரே இன்று வழக்கில் உளது. கீழறையின் சுவர் மிகையாக விரிந்து இழுபடுங்கால் இப்பொருளும், இதனோடு பிறந்து பிரியும் என்.டி.-ப்ரோ-பி.என்.பி. என்னும் துண்டும் குருதியிற் பெருகும். இவையேயன்றி, தசையணு மடிவதைக் காட்டும் டிரோபோனின், இதயத்தில் நார் படர்வதைக் குறிக்கும் காலெக்டின்-3, சுவர் படும் இழுப்பைக் காட்டும் எஸ்.டி.2 என்றும் சில உள. இவற்றைப் பொதுப்பட யாம் குருதிக்குறிகள் என்போம்.

நோய் இதுவே என்று துணிவதில் இக்குறிகள் செய்த நன்மை பெரிது. 2002-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், மூச்சிரைப்போடு அவசரப் பிரிவுக்கு வந்த 1,586 பேரின் குருதி சோதிக்கப்பட்டது. ஒரு மில்லி லிட்டரில் 100 பிகோகிராம் என்னும் வரம்பைக் கொண்டு, அவ்விரைப்பு இதயத்தால் வந்ததோ நுரையீரலால் வந்ததோ என்று பெரும்பான்மையும் பிரித்தறிய முடிந்தது. பிகோகிராம் என்பது ஒரு கிராமின் இலட்சங்கோடிக் கூறுகளுள் ஒன்று! இத்துணைச் சிறு பொருளை அளந்து நோயை உணர்தல் வியக்கத்தக்கதே. இவ்வெற்றியைக் கண்டோர், நோயைச் சொன்ன குருதி கருவியின் பயனையும் சொல்லாதோ என்று கேட்கத் தொடங்கினர்.

இங்கேதான் யாம் முற்கூறிய சொல் மயக்கம் புகுகின்றது. 'இந்நோயாளி இனி எவ்வாறு இருப்பான்?' என்பது ஒரு வினா. 'இந்நோயாளிக்குக் கருவி வைத்தால், வையாதிருப்பதைக் காட்டிலும் எவ்வளவு நலம் பெறுவான்?' என்பது வேறு வினா. முன்னதற்கு விடையிறுத்தலும் முன்னறிதல். பின்னதற்கு விடையிறுத்தலும் முன்னறிதல். இரண்டும் ஒன்றல்ல. கார்மேகம் திரண்டமை கண்டு மழை வரும் என்று கூறுவோன், இன்னார் வயலில் நெல் விளையும் என்றும் கூறியவனாகான்.

கேர்-எச்.எஃப். ஆராய்ச்சியில் இவ்வேற்றுமை தெளிவாகப் புலனாயிற்று. என்.டி.-ப்ரோ-பி.என்.பி. மிகுந்திருந்தோர், கருவி பெற்ற கூட்டத்திலும் இறப்பு மிகுந்தோரே. பெறாத கூட்டத்திலும் இறப்பு மிகுந்தோரே. அபாயத்தைக் குருதி சரியாகச் சொல்லிற்று. ஆனால், அளவு மிகுந்தவர்க்குக் கருவி வீண் என்று அது சொல்லவில்லை. காலெக்டின்-3 பற்றியும் அவ்வாராய்ச்சி அவ்வண்ணமே கண்டது: அது மிக்கோர் நலங்குன்றினர், எனினும் கருவியின் பயனை அது பிரித்துக் காட்டவில்லை. மாறாக, அமெரிக்காவில் முதன்மையாக நிகழ்ந்து 2009-இல் முடிவு வெளிவந்த மேடிட்-சி.ஆர்.டி. ஆராய்ச்சியில் சேமித்த குருதியைப் பின்னர் ஆய்ந்தவர், அப்பொருள் மிகுந்தோரே கருவியால் கூடுதல் நன்மை பெற்றனர் என்று எழுதினர். சாட்சி ஒருவனே, இரு மன்றங்களில் அவன் மொழி ஒத்திலது. இதயத்தின் சொந்தச் சிரையினின்றே குருதி எடுத்துச் சோதித்தால் தெளிவு பிறக்குமோ என்று முயன்றோரும் உளர். நூற்றுக்கும் குறைந்த நோயாளரிடம் செய்த அம்முயற்சி ஆர்வமூட்டுவதே. ஆயினும் அதனைக் கொண்டு ஒருவரை வாயிலினின்று திருப்புதல் தகாது.

கருவி வைத்த பின்னர்க் குருதிக்குறி தாழ்ந்து வருமாயின் நலம் உண்டாகின்றது என்பதற்கு அது நல்ல அடையாளம். பின்னறிதலில் வல்ல சாட்சியை முன்னறிதலுக்கு இழுக்கின்றனர் என்றே எமக்குத் தோன்றுகிறது.

இத்துறையில் நம்பிக்கை பொய்த்தல் இது முதன்முறையன்று. எக்கோ என்னும் ஒலியலைப் படத்தைக் கொண்டு எவர்க்குப் பயன்படும் என்று அறியலாம் என ஒரு காலத்தில் உறுதியாக நம்பினர். 2008-இல் ப்ராஸ்பெக்ட் என்னும் ஆராய்ச்சி, 53 மருத்துவ நிலையங்களில் 498 பேரிடம் 12 அளவைகளை வைத்துப் பார்த்து, அவற்றுள் ஒன்றேனும் தனித்து நம்பத்தக்கதன்று என்று உரைத்தது. 2013-இல் வெளிவந்த எக்கோ-சி.ஆர்.டி. இன்னும் கடுமையானது. எக்கோவில் ஒத்தியக்கம் கெட்டதாகத் தோன்றியும் ஈ.சி.ஜி.யில் மின்னலை குறுகியே இருந்த 809 பேர்க்குக் கருவி வைத்து, ஒரு பாதியார்க்கு மட்டும் அதனை இயக்கினர். இயக்கப்பெற்றோருள் 45 பேரும், இயக்கப்பெறாதோருள் 26 பேரும் இறந்தனர். ஆராய்ச்சி இடையிலேயே நிறுத்தப்பட்டது. தகுதியைத் தவறான அளவுகோலால் அளந்தால் பொருள் இழப்போடு உயிரிழப்பும் நேரும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி, ஜவ்வாது மலைக்கு வருவோம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியாகிய இது திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களிற் பரந்து கிடக்கின்றது. மலையாளி என்னும் பழங்குடியினர் இங்கு வாழ்கின்றனர். பெயர் கண்டு மயங்கற்க. மலையை ஆள்வோர் என்னும் பொருளில் தம்மை அவ்வாறு அழைத்துக்கொள்ளும் தமிழரே அவர். சாமை விதைத்தும் புளியும் தேனும் சேர்த்தும் வாழும் இவர்தம் ஊர்கள் சரிவுகளிற் சிதறிக் கிடப்பன. மலைமேல் ஆரம்ப சுகாதார நிலையங்கள் உள; இதயத்திற்கெனத் தனி மருத்துவம் வேண்டுவோர் போளூர் வழியாகவோ ஆலங்காயம் வழியாகவோ கீழிறங்கி, வேலூரையோ திருவண்ணாமலையையோ அடைதல் வேண்டும். 1900-ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய மருத்துவமனை பெரிதாய் வளர்ந்து நிற்பதும் வேலூரிலேயே. அதன் சமூக மருத்துவத் துறையினர் இம்மலையூர்களுக்குச் சென்று பணிபுரிந்திருப்பதை நேயர் பலர் அறிவர்.

நாட்டு நலப்பணித் திட்ட முகாமிற்காக எம் கல்லூரி மாணவர் சிலர் அம்மலையூர் ஒன்றில் தங்கியிருந்தோம். ஆங்கு ஒரு பெரியவர் இரவெல்லாம் திண்ணைத் தூணிற் சாய்ந்து அமர்ந்தபடியே உறங்குவதைக் கண்டு காரணம் கேட்டோம். "படுத்தா மூச்சு முட்டுது தம்பி. ரெண்டு மழைக்காலமா இப்படித்தான்" என்றார். ஆஸ்துமா என்று எண்ணி ஏதோ மாத்திரை உண்டு வந்தனர் வீட்டார். கால்கள் தூண்கள்போல் வீங்கியிருந்தன. முகாமுக்கு வந்த மருத்துவர் உடனே கீழே செல்லுமாறு கூறினார். சாமை அறுத்த பின்னர்ச் செல்வதாக அவர் விடை சொன்னார்.

இரண்டு மழைக்காலம் கழித்துக் கீழிறங்கும் இத்தகையார் ஒருவரின் குருதி எவ்வாறு இருக்கும்? குறிகள் யாவும் மிக உயர்ந்தே இருக்கும். அவர் உடல் மெலிந்தவர், மெலிந்தார்க்குப் பி.என்.பி. உயர்ந்தும் பருத்தார்க்குத் தாழ்ந்தும் காணும். குருதிச்சோகை அதனை உயர்த்தும், சிறுநீரகக் குறை உயர்த்தும், முதுமையும் உயர்த்தும். மலைமேல் உள்ள காவலூரில் 1986-இல் தொடங்கப்பெற்ற 2.34 மீட்டர் தொலைநோக்கி உளது. அறிஞர் வைணு பாப்பு பெயரால் அவ்வான் ஆய்வகம் விளங்குகின்றது. ஒரு விண்மீன் மங்கித் தோன்றினால், அது சிறிது ஆதலினாலோ, தொலைவில் இருத்தலினாலோ, இடையே தூசு மறைத்தலினாலோ என்பதை ஒளியின் அளவு ஒன்றே கூறிவிடாது என்பதனை ஆங்குள்ளார் நன்கு அறிவர். குருதியில் கண்ட எண்ணும் அத்தன்மையதே. ஆயின், "அளவு இத்துணைக்கு மேற்பட்டார்க்குக் கருவி பயன்படாது, ஆதலின் வைப்பதற்கில்லை" என்று ஒரு விதி எழுந்தால், அவ்விதி முதலில் யாரை வெளியே நிறுத்தும்? நோயை நாள்தோறும் கவனித்துக் கொள்ள இயன்ற நகரத்தாரையன்று. மெலிந்து, சோகையுற்று, காலந்தாழ்ந்து வந்த மலையாரையே நிறுத்தும். அவர்தம் வறுமையும் தொலைவும் குருதியில் எண்ணாகி, அவ்வெண்ணே அவர்க்கு எதிர்ச்சாட்சி ஆகும். எம்மை வருத்துவது இதுவே.

எதிர்க்கட்சியார் கூற்றிலும் வலிமை உண்டு. அரசின் காப்பீட்டுப் பணம் அளவுக்கு உட்பட்டது. பயன்படாத ஒருவர்க்குச் செலவிட்ட இலட்சங்கள், பயன்படக்கூடிய வேறொருவர்க்கு இல்லாமற் போகும். மேலும் ஏழைக்கு வீண் கருவி வைத்தல் அவனுக்கே தீங்கு. புண்ணும் அலைச்சலும் மறுபடி மறுபடி மலையிறங்குதலும் அவன் தலையில் விழும். இவை மெய்யே. இவற்றை யாம் மறுக்கவில்லை. தேர்ந்தெடுத்தல் வேண்டும் என்பதில் எமக்கும் உடன்பாடே. எதனைக் கொண்டு தேர்தல் என்பதிலேயே வேறுபடுகின்றோம்.

தேர்தற்குரிய அளவுகோல் முன்னரே கையில் உளது. அது நூற்றாண்டு கடந்த பழையது. டச்சு அறிஞர் ஐந்தோவன் 1900-களின் தொடக்கத்தில் இதயத்தின் மின்னலையை வரைந்து காட்டி, 1924-இல் நோபல் பரிசு பெற்றார். அவரது முதற்பொறி யானைக்குட்டி போன்ற பாரமுடையது. இயக்குதற்கு ஐவர் வேண்டியிருந்தது. இன்று ஈ.சி.ஜி. பொறி தோளில் தொங்கும் பையில் அடங்கும். அதன் தாளில் ஒரு சிறு கட்டம் ஒரு வினாடியின் 25-ல் ஒரு பங்கு. கீழறைகள் சுருங்குதலைக் குறிக்கும் அலை மூன்று கட்டத்திற்குள் அடங்கினால் கருவி நன்மை செய்யாது, தீங்கும் செய்யலாம் என்பதை எக்கோ-சி.ஆர்.டி. காட்டிற்று. அவ்வலை நான்கு கட்டத்தை ஒட்டியோ கடந்தோ அகன்று, இடக்கிளைத் தடையின் வடிவமும் பெற்றிருந்தால் நன்மை மிகும் என்பதில் பேராராய்ச்சிகள் ஒத்த மொழியினவே. இதற்குக் குருதி வேண்டா, குளிர்பெட்டி வேண்டா, ஒரு தாளும் அதனைப் படிக்க அறிந்த ஒருவரும் போதும். படத்தைக் கைபேசியிற் கீழே அனுப்பினால் வேலூரில் இருப்பவர் சில நிமிடத்தில் படித்துச் சொல்வார். விலையுயர்ந்த புதிய சாட்சியை அழைப்பதற்கு முன், மலிந்த பழைய சாட்சியை மலைமேல் ஒவ்வொரு சுகாதார நிலையத்திலும் நாடோறும் பேசச் செய்தல் முறையன்றோ?

பயன் என்பது யாது என்னும் வினாவும் உளது. ஆராய்ச்சியாளர் ஒருவர், நோயாளி ஆறு நிமிடத்தில் எவ்வளவு தொலைவு நடக்கின்றான் என்று அளப்பர். மற்றொருவர் கீழறையின் கொள்ளளவு நூற்றுக்கு 15 பங்கு சுருங்கிற்றா என்பர். வேறொருவர் இறந்தாரையும் மருத்துவமனைக்கு மீண்டாரையும் எண்ணுவர். இவ்வளவைகள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. ஓர் அளவையிற் பயன் பெற்றவன் மற்றோர் அளவையிற் பெறாதவனாகின்றான். மூவரில் ஒருவர்க்குப் பயனில்லை என்னும் கணக்கும் இதனால் ஆடும். கொடிய நோய் மேலும் வளராது நின்றதே சிலர்க்குப் பெரும்பயன் ஆகும். அதனைப் 'பயனின்மை' என்னும் பத்தியில் எழுதுதல் கொடிது. மருத்துவமனையின் வழவழத்த தாழ்வாரத்தில் ஆறு நிமிடம் நடத்தலும், சாமைக் கொல்லைக்கு மேடேறிப் போதலும் ஒன்றாகா. மலையார் ஒருவரைக் கேட்டால், இரவில் படுத்துறங்க இயன்றதே பயன் என்பார்.

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு கூறாக்கினார்: நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிருந்து உதவுவான். குருதிக்குறி பற்றிய நூல்கள் முதல் மூன்றையும் நுணுகி ஆராய்கின்றன; நான்காவதைப் பற்றி அவை பெரும்பாலும் பேசுவதில்லை. கருவி வைக்கப்பெற்றவர் குறித்த காலங்களில் சோதனைக்கு வருதல் வேண்டும். மருந்து தவறாது உண்ணல் வேண்டும். கம்பி இடம்பெயர்ந்தால் உடனே அறிதல் வேண்டும். பேருந்து தவறினால் மறுநாளே பயணம் என்னும் ஊரில், அருகிருந்து உதவுவான் இன்றிக் கருவி பயன்படாமற் போவதும் உண்டு. அப்பயனின்மையைக் குருதியில் தேடினாற் கிடைக்குமோ?

இவ்வளவும் கூறியதனால் குருதிச் சோதனையை யாம் வெறுப்பதாக எண்ணற்க. அதற்குரிய இடம் மலையடியிலன்று, மலைமேலேயே உளது. மூச்சிரைக்கும் ஒருவரின் விரல்நுனிக் குருதியைச் சிறு பொறியிலிட்டு, பி.என்.பி. வகை தாழ்ந்திருப்பின் இதயத் தளர்ச்சி அன்று என்றும், உயர்ந்திருப்பின் காலந்தாழாது கீழே அனுப்புக என்றும் அறியலாம். ஆஸ்துமா என்று இரு மழைக்காலம் மாத்திரை உண்ணும் நிலை அதனால் தவிரும். 2021-இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தில் நீரிழிவுக்கும் குருதி அழுத்தத்திற்கும் மருந்து வீடு தேடிச் சென்றது; இதயத் தளர்ச்சியைக் கண்டறியும் சோதனையும் அவ்வாறே மலையேறலாம். கதவை அடைப்பதற்குப் பயன்படுத்த எண்ணும் பொருளை, கதவைத் தட்டுதற்குப் பயன்படுத்துக என்பதே எம் வேண்டுகோள்.

ஆராய்ச்சியும் நிற்றல் வேண்டா. யாம் மேலே சுட்டிய பேராராய்ச்சிகளில் குருதி கொடுத்தோர் பெரும்பாலும் ஐரோப்பியரும் வட அமெரிக்கருமே. நம் நாட்டிலும் கணக்கெடுப்புகள் நிகழ்ந்துள்ளன. திருவனந்தபுரத்தில் 2013-இல் இதயத் தளர்ச்சியோடு மருத்துவமனையிற் சேர்ந்த 1,205 பேரைத் தொடர்ந்து கவனித்தபோது, ஓராண்டிற்குள் ஏறத்தாழ பத்தில் மூவர் இறந்தமை தெரியவந்தது. பின்னர் நிகழ்ந்த தேசியப் பதிவேட்டில் 53 மருத்துவ நிலையங்களின் 10,000-க்கு மேற்பட்ட நோயாளர் இடம்பெற்றனர். ஆனால் மருத்துவமனைப் பதிவேட்டில் மருத்துவமனையை அடைந்தோரே இருப்பர். திண்ணைத் தூணிற் சாய்ந்திருப்போர் இரார். மெலிந்த, சோகையுற்ற, உடலுழைப்பு மிக்க மலையார்க்குக் குருதிக்குறியின் இயல்பான அளவு யாது என்பது முதலில் அளக்கப்படல் வேண்டும். அதன் பின்னரே வரம்பு வகுத்தல் பற்றிப் பேசலாம்.

அவ்வாறு அளக்கப் புகுவோர், குருதி எடுப்பதன் காரணத்தை மலையார் பேச்சிலேயே விளக்கி இசைவு பெறல் வேண்டும். கையொப்பத் தாளை நீட்டுதல் இசைவு பெற்றதாகாது. கண்ட முடிவையும் அவ்வூர்க்கே கொணர்ந்து உரைத்தல் வேண்டும். குருதி மட்டும் கீழிறங்கி, விடை மேலேறாத வழக்கம் நம் நாட்டில் நெடுநாளாக உளது. கடுஞ்சொற்களை எளிய தமிழில் எடுத்துரைப்பார் சிலர் இப்பணிக்குத் தேவைப்படுவர். எம் வகுப்பில் 18 பேர் உளேம்.